லிஃப்டுக்குள் உட்கார்ந்தவள்

உடல் பருமனுக்குக் காரணம் கண்டறியும் ஆராய்ச்சியாளர் பயிற்சியின் கடைசித் தேர்வு நான்காம் மாடியில் நடக்கவிருந்தது. பூங்கோதை லிஃப்டில் கால் வைத்ததுமே அது அவளை எடை போட்டு, "படியில் ஏறுங்கள், மெலிவீர்கள்" என்று கொஞ்சலாகச் சொல்லிவிட்டுக் கிளம்ப மறுத்தது. ஊரிலுள்ள லிஃப்டுகள் எல்லாம் இப்போது இப்படித்தான். படியேறுகிறவர்கள் ஒல்லியாக இருப்பதைக் கணக்கெடுத்துப் போட்ட சட்டம் அது.

அவள் உள்ளேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியாளர் சகாயராஜ் இறங்கி ஓடிவந்தார். "ஏம்மா அடம் பிடிக்கிற? தேர்வுக்கு வரலன்னா பேரை அடிச்சிருவாங்க."

"சார், எனக்கு முதல்ல முட்டி போச்சு. அப்புறம்தான் படியை விட்டேன், எடை கூடுச்சு. லிஃப்ட் இதைத் தலைகீழாப் படிக்குது. குடை பிடிக்கிறதாலதான் மழை பெய்யுதுங்கிற மாதிரி இருக்கு."

"லட்சம் பேரோட கணக்கும்மா!"

"ஏற முடிஞ்சவங்க ஏறுறாங்க. கோடிப் பேரை எண்ணினாலும் அதேதான் வரும். யார் படியில ஏறணும், யார் லிஃப்டுல போகணும்னு சீட்டுக் குலுக்குங்க. சீட்டுக்கு என் எடையும் தெரியாது, முட்டிவலியும் தெரியாது. ஒரு வருஷம் சீட்டுப்படியே போக விட்டு, அப்புறம் ரெண்டு கூட்டத்தையும் எடை போட்டுப் பாருங்க. குலுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

"குலுக்குங்க சார், நாங்களும் சீட்டு எடுக்கிறோம்" என்றார்கள் தேர்வுக்கு வந்து படியில் நின்ற மற்றவர்கள்.

சகாயராஜ் கையிலிருந்த வினாத்தாளையே கிழித்து, 'படி', 'லிஃப்ட்' என்று எழுதிச் சீட்டாக்கினார்.

பூங்கோதைக்கு வந்தது 'படி'.

"உனக்கு வேணாம்மா, வலிக்கும்."

அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள். "சீட்டு சொன்னா ஏறுவேன் சார். இந்த டப்பா சொன்னாதான் ஏற மாட்டேன்."