முள் எழும்பாத லொறி

கடந்த வெள்ளி வரையில் ஐம்பதில் நின்ற ஒயில் பிரஷர் மீட்டர் முள், இந்த வியாழன் காலையில் பத்தைத் தாண்ட மறுத்தது.

மெக்கானிக் றவூப் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். பிறகு அதைக் கழற்றி, தன்னிடமிருந்த வேறொரு மீட்டரைப் பூட்டிப் பார்த்தான். அதுவும் பத்தையே காட்டியது.

அறுபது வருடப் பழமையுடைய லொறி அது. வெளிநாட்டில் குடியேறிய ஒரு குடும்பம் அதைப் பள்ளிவாசலுக்கு வக்பு செய்து, அறக்கொடையாக விட்டிருந்தது. நாளை ஜும்ஆவுக்குப் பின் ஏலம். கிடைக்கும் பணத்தில், ஊரார் அடங்கியிருக்கும் மையவாடிக்குக் கடலைத் தடுக்கக் கல்லணை கட்ட வேண்டும். கடல் ஏற்கனவே மையவாடியின் மதிலைத் தின்று முடித்திருந்தது. மாரி தொடங்கினால், அடுத்தது முன்வரிசைக் கபுறுகள். றவூபின் வாப்பா அடங்கியிருப்பது அந்த முன்வரிசையில்.

"என்ன மனே, பெயாரிங் முடிஞ்சிட்டா?" என்று கேட்டார் பக்கீர் முகைதீன் ஹாஜியார். இன்று பள்ளிவாசல் தலைவர். தாடி நரைப்பதற்கு முன்பு லொறிச் சாரதி.

"பெயாரிங் தேஞ்சா, குளிர்ல முள் ஏறும், சூட்டுல இறங்கும் ஹாஜியார். இது ரெண்டுலயும் பத்துலயே நிக்கிது. என்ஜின்ல தட்டுற சத்தமும் இல்ல."

ஒயில் அளவாக இருந்தது. விரலிடையில் தேய்த்தபோது வழவழப்பும் குறையவில்லை. எஞ்சியது ஒரேயோர் இடம்: மிகையான ஒயிலைத் தொட்டிக்குத் திருப்பி விடும் வால்வு. அதை இறுக்கி மூடிவைப்பது ஒரு தடித்த ஸ்பிரிங். றவூப் மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்தது மெலிந்த, கட்டையான வேறொரு ஸ்பிரிங். ஒயில் வேலை செய்யாமலே வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆரோ மாத்திரிக்கான்!" றவூபின் குரல் உயர்ந்தது. "லொறியக் கெடுத்து, சும்மா விலைக்கு அள்ளப் பாக்கான். எனக்கு ஆளத் தெரியும்."

"பேர் சொல்லாத" என்றார் ஹாஜியார்.

பேர் சொல்லத் தேவையும் இல்லை. பழைய வாகனத் தரகன் ஜெஸீம் நேற்று முன்தினம் தனியாக வந்து, லொறியைச் சுற்றிச் சுற்றி நடந்ததை ஊரே கண்டிருந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டல்காரர் வாசலில் காட்சிக்கு நிறுத்த இப்படியொரு பழைய லொறிக்காக அவனைக் குடைந்துகொண்டிருந்தார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

"என்னட்ட நல்ல ஸ்பிரிங் ஒண்டு இரிக்கி. இப்பயே போட்டுடுறன்."

"வேணாம், மூடு. மறுகா பாத்துக்குவம். ஏலத்துல ஆர் என்ன செய்றானெண்டு பாப்பம்."

கள்ளனைப் பொறி வைத்துப் பிடிக்கப்போகிறார் என்று றவூப் மகிழ்ந்தான். அன்று மாலை ஜெஸீமே கராஜுக்கு வந்தது அந்த மகிழ்ச்சியை உறுதிப்படுத்தியது.

"லொறிக்கு ஏதோ நோய் வருத்தமாமே மச்சான்? பெயாரிங்தானே? நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி சொல்லன். பள்ளிச் சாமான வாங்கி ஆரும் ஏமாறப்படா."

"ஒண்ட நல்ல மனசு ஊருக்கே தெரியும் மச்சான்" என்றான் றவூப்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளி முற்றம் நிறைந்தது. லொறி இயங்கிக்கொண்டிருந்தது, முள் பத்தில் படுத்திருந்தது. ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மறைக்கிறதுக்கு ஒண்டுமில்ல. இதுக்கு ஒயில் பிரஷர் இல்ல. எந்த றோட்டுல மௌத்தாகுமோ, அல்லாஹ்தான் அறிவான். லாபம் பாக்கிற ஆக்கள் தள்ளி நில்லுங்க. மறுமையில கூலி வேணுமெண்டவங்க முன்னுக்கு வாங்க."

ஜெஸீம் முந்திக்கொண்டு பழைய இரும்பு விலைக்குக் கேட்டான். றவூப் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தான். ஹாஜியாரோ கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பாட பேர்ல!" என்று கையை உயர்த்தினார் இறக்காமத்து வயற்காரர் முகம்மது தம்பிப் போடியார். விலை இரட்டித்தது.

"உம்மாட பேர்ல!" மருதமுனைக் கைத்தறிச் சாரன் வியாபாரி பர்ஹான் விடவில்லை.

பள்ளிக்கென்றால் முட்டையொன்றையும் மூட்டை அரிசியின் விலைக்கு ஏலத்தில் எடுக்கும் ஊர்கள் அவை. நல்ல லொறியென்றால் அதற்குச் சந்தை விலை ஒன்று உண்டு. அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார். சாகக் கிடக்கும் லொறியை வாங்குவதோ தருமம். தருமத்துக்கு உச்சவிலை இல்லை. ஜெஸீம் மூன்று தடவை கூட்டிக் கேட்டு, நான்காம் தடவை உட்கார்ந்துவிட்டான்.

"நல்ல லொறியே இந்த விலைக்குப் போகாதே ஹாஜியார்!" அவன் குரல் ஏறக்குறைய அழுதது.

"அது நல்ல லொறி. இது நன்மையான லொறி" என்றார் ஹாஜியார். முற்றம் சிரித்தது. இறுதியில் போடியார் வென்றார். கல்லணைக்கான பணம் சேர்ந்து, மேலும் மிஞ்சியது.

கூட்டம் கலைந்தது. றவூபுக்கு வாப்பாவின் கபுறு தப்பிய நிம்மதி ஒருபுறம், மனக்குறை மறுபுறம்.

"எல்லாம் சரி ஹாஜியார். ஆனா கள்ளன் தப்பிட்டானே! அந்த ஸ்பிரிங்கையும் கொண்டு போயிட்டான்."

ஹாஜியார் ஒலிவாங்கியின் வயரைப் பொறுமையாகச் சுருட்டி முடித்தார்.

"ஜெஸீம நெனச்சிப் பாவம் தேடாத மனே, ஸ்பிரிங் என்ட அலுமாரிக்குள்ள பத்திரமா இரிக்கி, போடியாருக்கு இண்டைக்கே மாட்டிக் குடு — வாற வெள்ளி தண்ணி மோட்டர் ஒண்டு ஏலத்துக்கு வருகுது, அதுக்கு என்ன வருத்தம் குடுக்கலாமெண்டு யோசிச்சி வை."