பேத்திக்குக் கத்திரிக்காய்

எரியோட்டில் தோட்டம் வைத்திருக்கும் சேதுபதி, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட மகள் வினிதாவுக்குப் போன் போட்டார்.

“பஸ்ஸில குடுத்துவிட்ட கத்திரிக்கா வந்துச்சா தாயி? மருந்தே அடிக்காதது. பேத்திக்கு ஆக்கிக் குடு.”

“வந்துச்சுப்பா. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன். புற்றுநோய்க்கு வைத்தியம் பாக்குறாங்கல்ல, பாவம்.”

“நல்ல காரியம். அப்ப பேத்திக்கு?”

“கடையில வாங்கினேன். அடுப்புல வேகுது.”

“ஏ கிறுக்கச்சி! கடைக்காயி அம்புட்டும் மருந்துல முக்குனது. நேத்து அடிச்சு இன்னைக்குப் பறிச்சிருவாய்ங்க. பிள்ளைக்கும் அந்த நோய் வரணுமா?”

“கோவிக்காதீங்கப்பா. சேதுபதி தோட்டத்துக் காயான்னு கேட்டுத்தான் வாங்கினேன்.”

சேதுபதி தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் மருந்தடிக்காமல் விட்டது வீட்டுக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு வரிசையை மட்டும்தான். மகளுக்கு அது தெரியாது.

“தாயி, அந்தக் குழம்பக் கீழ கொட்டிரு. ஏன்னு அப்பன் நேர்ல வந்து சொல்றேன்.”

போனை வைத்தவர், சந்தைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் ஓடினார்.

“ஏலே, எறக்குங்கப்பா! நேத்துத்தான் மருந்தடிச்சது. ஒரு காயி வெளிய போகக் கூடாது.”

“ஏண்ணே, யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா. திங்கிறது யாரு வீட்டுப் பேத்தியோ!”