துடைத்த மேகம்

சனிக் கோளின் பெரிய நிலா, விண்கலம் அனுப்பிய படமாகத் திரையில் கழுவிவைத்த ஆரஞ்சுப் பழம்போலப் பளபளக்கிறது. ஆராய்ச்சிக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் எறிகிறார். "வடதுருவத்துல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சே, எங்கய்யா?" கணினியில் படங்களைச் சுத்தம்செய்கிறவர் பெருமையாகச் சிரிக்கிறார். "அந்தக் கறையா? துடைச்சுட்டேன் மேடம். இப்ப பளிச்சுன்னு இல்ல?" "கறையா? ஏழு வருஷமா நான் காத்திருந்த கோடை மேகம்யா அது! இப்ப அது அங்கயும் கலைஞ்சே போச்சு. மூலப்படமாவது இருக்கா?" "இடத்தை அடைக்குதேன்னு... அழிச்சுட்டேன்." அம்மா திரையில் நிலாவின் உச்சியைத் தொட்டுக் காட்டுகிறார். "அங்க அடுத்த கோடை வர இன்னும் முப்பது வருஷம் ஆகும். எனக்கு இப்பவே அம்பத்தெட்டு." "சாரி மேடம்..." கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை அவர் முன்னால் விட்டெறிகிறார் அம்மா. "இந்தா, மிச்சமிருக்கிற நிலாவையும் துடைச்சுடு!"