அருள்பாண்டியின் மூச்சு

"வீட்ல யாருக்காச்சும் பொறந்தநாளாண்ணே?" என்று கேட்டான் ஆட்டோக்காரன் சுருளி. பெட்டியைத் தூக்க உள்ளே வந்தவன் கண்ணில் முதலில் பட்டது ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த மஞ்சள் பலூன்தான்.

தங்கையை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்த முத்துப்பாண்டி அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னான். அது தன் தங்கை சத்யப்ரியாவின் புருஷன் அருள்பாண்டி சாவதற்கு முன் கடைசியாக ஊதிய பலூன்.

அருள்பாண்டி கொரோனாவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவன். காய்ச்சல் விட்டதே தவிர, நுரையீரல் தழும்பேறிப்போய்விட்டது. வில்லாபுரம் வீட்டின் வாசற்படி ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குவான். தினமும் பலூன் ஊதிப் பழகச் சொன்னார் டாக்டர். அதற்காகவே மஞ்சள் பலூன் பாக்கெட்டுகள் வாங்கி அடுக்கியிருந்தார்கள். தை மாதத்தில் ஒருநாள் காலையில் ஊதி, முடிச்சுப் போட்டு, மனைவி கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். அப்புறம் எழவில்லை.

"தையிலயா? இப்ப ஆவணி வந்துருச்சேண்ணே" என்றான் சுருளி. பலூன் விடைத்துக்கொண்டு நின்றது. தன் மகளுக்கு வாங்கிய பலூன் எல்லாம் மறுநாளே தொங்கிப்போனதாக முனகியவன், பெட்டி தயாரானதும் கூப்பிடச் சொல்லிவிட்டு ஆட்டோவுக்கே போய்விட்டான். பட்டப்பகலில் அவனுக்கு வந்த பயத்தைக் குறை சொல்ல முடியாது.

அந்த அறையே அப்படித்தான் இருந்தது. பலூன் மேல் காற்று அடிக்கக்கூடாது என்று ஃபேன் போடுவதில்லை. வெயில் படக்கூடாது என்று ஜன்னலைத் திறப்பதில்லை. பலூனுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள் அருள்பாண்டியின் அம்மா முத்துத்தாய்.

முத்துப்பாண்டி கேட்காமலே அவள் கதையைச் சொன்னாள். மகன் போன புதிதில் பலூன் சுருங்கத்தான் செய்ததாம். அதைப் பார்த்துப் பார்த்து அவள் சோறு தண்ணீர் இல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிழைக்கமாட்டாள் என்று அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுக்கூடப் போனார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் பலூன் முட்ட முட்ட நின்றது. அன்றுதான் எழுந்து கஞ்சி குடித்தாள்.

அதற்குப் பிறகும் அடிக்கடி அப்படி நடந்தது. விடிகாலையில், மருமகள் வாசல் தெளிக்க எழுந்து போகிற நேரத்தில், சாத்திக் கிடக்கும் இந்த அறைக்குள்ளிருந்து இளைப்புச் சத்தம் வரும். அருள்பாண்டி இளைத்த அதே இளைப்பு. அப்புறம் கதவைத் திறந்து பார்த்தால் பலூன் நிரம்பியிருக்கும்.

"அவன் மூச்சு இருக்குற வீட்ட விட்டு அவன் பொண்டாட்டி எப்படித் தம்பி வருவா?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

முத்துப்பாண்டி பலூனை ஒருதரம் அண்ணாந்து பார்த்தான். ஆனாலும் விட்டுவிட மனமில்லை. டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கைக்கு டீச்சர் வேலை சொல்லி வைத்திருந்தான். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தவிர, புருஷனோடு அவளும் அதே ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள். அவள் நெஞ்சையும் நல்ல டாக்டரிடம் காட்டியாக வேண்டும். இந்த இருட்டு வீட்டிலேயே கிடந்தால் இவளையும் வாரிக்கொடுத்துவிடுவோம் என்று அவன் பயந்தான்.

காப்பியோடு வந்த சத்யப்ரியா அவனைப் பேச்செடுக்கவே விடவில்லை.

"நான் வரலண்ணே. அத்தைய இப்படி விட்டுட்டு எப்படி வாரது? அந்த வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துறச் சொல்லு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இளைத்தாள். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது.

முத்துத்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தரையில் கையூன்றி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். என்ன செய்யப்போகிறாள் என்று மற்ற இருவருக்கும் உறைப்பதற்குள் பலூன் படாரென்று வெடித்தது.

அத்தை விழுந்துவிடுவாள் என்று பதறிய சத்யப்ரியா, இளைப்போடு ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தாள். முத்துத்தாய் விழவில்லை. ஜன்னல் கொக்கியை விலக்கிக் கதவுகளைத் தள்ளித் திறந்தாள். ஏழு மாதமாக வராத வெயில் உள்ளே வந்து விழுந்தது.

"என்ன அத்த, மாப்ளயோட மூச்சப் போயி..." என்றான் முத்துப்பாண்டி.

"மொதத்தடவ சத்தம் கேட்டப்ப நானும் மகன்னுதான் தம்பி நெனச்சேன். மறுவாட்டி கதவ நீக்கி எட்டிப் பாத்துட்டேன். பாத்தும் வாயத் தெறக்கல. இவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சத்யப்ரியா தலை குனிந்தாள். முத்துத்தாய் அவள் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள். கிழவியின் குரல் அப்போதுதான் உடைந்தது.

"கெளம்பு தாயி. இம்புட்டு நாளா நான் அடைச்சு வச்சிருந்தது உன் மூச்ச."