தெரிய வேண்டாம்

"அந்த டெஸ்டை நீ எடுத்தா, அதோட நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றாள் தங்கை.

அவர்களுடைய அப்பா ஐம்பது வயதுக்குள்ளேயே, பெற்ற பிள்ளைகளைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டவர். அந்த மறதி நோய் தனக்கும் வருமா என்று மரபணுப் பரிசோதனையில் பார்த்துவிட அக்கா துடித்தாள்.

"என் ரத்தம், என் உசிரு. உனக்கென்னடி வந்துச்சு?"

"எனக்குத் தெரிய வேண்டாம்."

"உன்கிட்ட மூச்சு விடமாட்டேன். போதுமா?"

"நீ சொல்லித்தான் தெரியணுமா? உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

அக்கா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அப்புறம் பத்து நாளாகப் போனையே எடுக்கவில்லை.

அக்கா கொடுத்த ரத்தத்தைச் சாக்கடையில் கொட்டச் சொல்லிச் சண்டை போட, தங்கை நேராக லேபுக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வரவேற்பறைப் பெண் சலித்துக்கொண்டாள்.

"மறுபடியும் வந்துட்டீங்களா மேடம்? அந்த நோய் வரும்னு நேத்தே டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு. இன்னும் பத்துத் தடவை ரத்தம் குடுத்தாலும் இதேதான் வரும்."

"நேத்து வந்தது நான் இல்ல" என்று சொல்ல வந்தவள் அப்படியே நின்றாள்.

அக்கா அவளுக்கு ஏழே நிமிடம் மூத்தவள். பெற்ற தாயே இருவரையும் மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவாள். ரத்தம் மட்டும் வேறு பதில் சொல்லிவிடுமா?