இரண்டாவது கணவர்

புத்தகக் கடையில் எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் ஒரு நர்ஸ்தான் கடைசி ஆள்.

"மேடம், உங்க நாவலைப் படிச்சுத்தான் தைரியம் வந்துச்சு. வீட்டுக்காரர் அடி தாங்காம போன மாசம் வெளியே வந்துட்டேன்."

எழுத்தாளரின் பேனா நின்றது. "இப்ப எப்படிம்மா இருக்கே?"

"நிம்மதியாத் தூங்குறேன். கதவைப் படார்னு சாத்தினா மட்டும் உடம்பு தூக்கிப்போடுது, உங்க கதாநாயகி மாதிரியே."

அடித்தவனை விட்டு வந்த அந்தக் கதாநாயகிக்கு வாய்த்த இரண்டாவது கணவன், சொந்த வீட்டிலேயே கதவைத் தட்டிவிட்டுத்தான் அறைக்குள் நுழைவான். அந்த இடத்தைப் படித்தபோது நர்ஸ் அழுதிருந்தாள்.

எழுத்தாளரின் கைப்பையையும் போனையும் வைத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் அவர் கணவர் பொறுமையாக நின்றிருந்தார்.

"பட்டவங்களாலதான் இப்படி எழுத முடியும். சார்தானே அந்த ரெண்டாவது கணவர்? கொடுத்து வெச்சவங்க மேடம் நீங்க."

கணவர் சிரித்தார். எழுத்தாளர் குனிந்து எழுதினார்.

"என்ன, இவங்களுக்கு மட்டும் இவ்வளவு நீளமா எழுதறே?" என்றார் கணவர் மெதுவாக.

எழுத்தாளர் சட்டென்று புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நர்ஸ் அதைத் திறந்தாள்.

'எனக்குக் கல்யாணம் ஒரு தடவைதான் ஆச்சு. நீயாவது திரும்பிப் போயிடாதேம்மா.'