தோலுக்கு அடியில்

அந்த அறுபது வருடப் பழைய டிரம்மை, கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் பழைய சாமான் வியாபாரி ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். “நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, இவ்வளவுதான் பெறுமா?” என்று அவள் கேட்டாள். அவரும் நெஞ்சில் கைவைத்து, “வெறும் காயலான் சாமான்மா,” என்றார். மறுநாளே அதை இருபது மடங்கு விலைக்கு ஒரு வாத்தியக்காரர் தலையில் கட்டினார்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாத்தியக்காரர் போன் செய்தார். “அண்ணே, டிரம் தானா அடிக்குது. கேளுங்க.”

நிதானமாக, விட்டுவிட்டுக் கேட்டது. வியாபாரி ஏனோ தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி அதே தாளத்தில் துடித்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இப்ப வேகமா அடிக்குதுண்ணே!”

“தொடாதீங்க! நானே திருப்பி எடுத்துக்கறேன்.”

“எலி மாட்டியிருக்கும். தோலைக் கிழிச்சுப் பார்த்துடறேன்.”

கத்தி இறங்கும் சத்தம் போனில் கேட்டது.

“உள்ள ஒண்ணுமே இல்லண்ணே. சத்தமும் நின்னுடுச்சு,” என்றார் வாத்தியக்காரர். “அண்ணே? லைன்ல இருக்கீங்களா?”